பிணம் காலைச் சொறிகிறது

மார்ச் 3

படக் கம்பெனியிலிருந்து போன். இருபது வருடத்துக்கு முந்தைய அந்த மாயவாள் படத்தைக் கழுவித் துடைத்து மறுபடி தியேட்டரில் விடப்போகிறார்களாம். காட்சிக்குக் காட்சி ஒட்டாமல் இருக்கும் பிழைகளை எல்லாம் கம்ப்யூட்டரில் திருத்தப் போகிறார்கள். பட்டியல் போட்டுத் தர என்னை விட்டால் ஆள் ஏது? இதை நான் சொல்லவில்லை, தொகுப்பாளரே சொன்னார். "மேடம், நெட்ல நீங்க எழுதினதை எல்லாம் படிச்சேன். ராணி கையில மெழுகுவர்த்தி எரிய எரிய வளருதுன்னு போட்டிருந்தீங்களே, எங்க யார் கண்ணுலயும் அது படலை."

படாது. அறுபத்தொரு தடவை பார்த்தவள் கண்ணில்தான் படும். வீட்டில் இதற்காக எத்தனை திட்டு வாங்கியிருப்பேன்! இப்போது பேசட்டும்.

மார்ச் 5

கடையில் ஒரு வாரத்துக்கு அரை நாள் லீவு கேட்டேன். பதினாறு வருடமாக அந்தக் கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணைச் சோதிக்கிறேன். எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டதில்லை. முதலாளி உடனே கொடுத்துவிட்டார். "தப்பு கண்டுபிடிக்கத்தானே? தாராளமா போம்மா. ஒரு வாரம் இங்க நாங்க நிம்மதியா இருப்போம்."

மார்ச் 9

தொகுப்பாளர் அறையில் சுவர் அளவுக்குத் திரை. இன்றுதான் ஒன்று தெரிந்தது: வீட்டில் நான் பார்த்து வந்த பிரதியில் இரண்டு ஓரத்தையும் வெட்டியிருக்கிறார்கள். இங்கே படம் முழுசாக இருக்கிறது. ஓரத்தில் என்னென்னவோ நடக்கிறது! கோட்டை வாசலில் லாரி டயர் தடம். பறக்கும் சிங்கத்துக்குத் தீனி போட்ட பக்கெட். ராஜாவுக்குக் காயம் பட்டது இடது கை, கட்டு போட்டிருப்பது வலது கை (இது பழைய கண்டுபிடிப்பு).

43-ஆவது பிழை: போர் முடிந்த களம். இளவரசி குதிரையில் வருகிறாள். இடது ஓரத்தில் வெறுங்காலோடு குப்புறக் கிடக்கும் பிணம், வலது கால் கட்டைவிரலால் இடது கணுக்காலைச் சொறிகிறது. சாவகாசமாக, மூன்று நொடி.

நானும் தொகுப்பாளரும் சிரித்த சிரிப்பில் வாசலில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். சிவப்பு மையில் "ஆளையே நீக்கவும்" என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

மார்ச் 11

பட்டியலைக் கொடுத்தாயிற்று. மொத்தம் ஐம்பத்தேழு. ஒன்றும் தப்பவில்லை.

மார்ச் 15

அண்ணன் வீட்டில் மதியச் சாப்பாடு. சாப்பிட்டதும் அவன் வழக்கம்போலக் கூடத்துத் தரையில் குப்புறப் படுத்துத் தூங்கிவிட்டான். நான் அண்ணியிடம் ஐம்பத்தேழு பெருமையை அளந்துகொண்டிருந்தேன். பேச்சுவாக்கில் கண் கீழே போயிற்று.

வலது கால் கட்டைவிரல். இடது கணுக்கால். சொறிகிறான். அடுத்த விரல் கட்டைவிரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து அவனுக்கு அப்படித்தான் — பிணத்துக்கும் அப்படித்தான் இருந்தது. நான் பார்த்தேனே, சுவர் அளவுக்குப் பார்த்தேனே!

அட கடவுளே. அது இவன் காலு.

எழுதித்தான் ஆகவேண்டும். லிஃப்ட் மெக்கானிக் வேலையில் சேர்வதற்கு முன்னால் அண்ணன் இரண்டு வாரம் காணாமல் போனான். திரும்பி வந்து, "அந்தப் படத்துல சிப்பாயா நடிச்சேன். செருப்புகூடக் கொடுக்காம பொணமா படுக்க வச்சாங்க. நாலு மணி நேரம், ஒரு அசைவு அசையலையே நான்!" என்றான். படம் வந்ததும் தேடினோம். முகம் எங்கேயும் இல்லை. 'சேனாதிபதி' என்று அவனுக்குக் கேலிப் பெயர் வைத்தது நான்தான். அதோடாவது விட்டேனா? ஐந்து வருடம் முன்பு, அவன் மகளுக்குக் கல்யாணம் பேச வந்தவர்கள் முன்னால் அவன் இந்தக் கதையை எடுத்தபோது, "அம்பது தடவைக்கு மேல பார்த்தவ சொல்றேன், நீ அதுல இல்லண்ணா. சும்மா அளக்காதே" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்தி இன்றைக்கும் அவன் எது சொன்னாலும் "இது நெஜமா, சினிமாவா?" என்கிறார். அண்ணன் அந்தப் படத்தைப் பற்றி அப்புறம் வாயே திறக்கவில்லை.

அவன் பொய் சொல்லலை. நான்தான் வெட்டின படத்தை வச்சுக்கிட்டு ஆடினேன். அது போதாதுன்னு, அவனை அழிங்கன்னு சிவப்பு மையில எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கேன். இப்ப என்ன பண்ணப் போறே, பெரிய மேதாவி?

மார்ச் 16

தொகுப்பாளருக்குப் போன் போட்டேன்.

"அந்தப் பொணத்தை எடுத்தாச்சே மேடம். இப்ப வெறும் மண்ணுதான். சுத்தமா இருக்கு."

"திரும்ப வையுங்க. அது எங்க அண்ணன்."

"மேடம், அப்படிப் பார்த்தா செத்துக் கிடக்கிற அத்தனை பேரும் யாருக்காவது அண்ணன்தான். நீக்கச் சொன்னது நீங்க. டைரக்டர்கிட்ட நான் என்ன காரணம் சொல்லுவேன்? வெள்ளிக்கிழமையோட வேலையை முடிக்கிறோம்."

திருத்திய காட்சியை அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 17

கடையில் ஒருவருடைய இடது கண் பவரை வலது கண்ணுக்கு எழுதிவிட்டேன். நானா! நல்லவேளை, கண்ணாடி செய்வதற்குள் பார்த்துவிட்டேன்.

அழுது புரண்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே வேலை. சாப்பாட்டு நேரத்தில் திருத்திய காட்சியைப் போட்டு உட்கார்ந்தேன். இருபது தடவை, முப்பது தடவை.

மாட்டிக்கொண்டது! இளவரசியின் குதிரை நேரே வருகிறது, இடது பக்கம் வந்ததும் ஒரு வளைவு வளைந்து போகிறது. அது வளைந்ததே அண்ணனை மிதிக்காமல் இருக்கத்தான். ஆளை எடுத்துவிட்டார்கள், குதிரையை விட்டுவிட்டார்கள். வெறும் மண்ணைப் பயபக்தியோடு சுற்றிக்கொண்டு போகிறது!

டைரக்டருக்கு ஒரு பக்கக் கடிதம்: "58-ஆவது பிழை. இது பழசு அல்ல, நாம் புதிதாகச் செய்தது." கிடப்பவர் என் அண்ணன் என்பதையும் கடைசியில் எழுதினேன். மறைத்துச் சாதிக்கிற பழக்கம் எனக்கில்லை.

மார்ச் 19

"குதிரை ஜெயிச்சிருச்சு மேடம்" என்றார் தொகுப்பாளர். "பொணம் பழைய இடத்துக்கே வந்தாச்சு. காலை மட்டும் அசையாம நிறுத்திடவா? அஞ்சு நிமிஷ வேலை."

சரி என்ற சொல் வாய்வரை வந்தேவிட்டது. பழக்கதோஷம். ஆனால் கால் அசையாவிட்டால் அது யாரோ ஒரு பிணம். யார் வந்து அதை அண்ணன் என்று நம்புவார்கள்?

"வேண்டாம். சொறியட்டும்."

"தெரிஞ்சே விடுறீங்களா? நீங்களா?"

"தெரிஞ்சேதான்."

ஜூன் 6

பகல் காட்சி. அண்ணன், அண்ணி, மகள், மருமகன், சம்பந்தியும் அவர் மனைவியும் — அன்றைக்குச் சிரித்த அத்தனை பேரையும் கூட்டிப் போனேன். அண்ணனை இழுத்து வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "எனக்கு எதுக்கு? நான்தான் அதுல இல்லையே" என்றான். குத்திக் காட்டுகிற மாதிரிகூடச் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்றது.

போர்க்களம் வந்தது. குதிரை வந்தது. இடது ஓரத்தில் அந்தக் கால்.

முன் வரிசையில் ஒரு பெண் கத்தினாள்: "ஏய், பொணம் காலைச் சொறியுது பாரு! இதைச் சரிபார்த்தவங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" தியேட்டரே சிரித்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக இப்படி ஒரு பேச்சுக்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணி எழுந்தே விட்டாள். "ஐயய்யோ, இவரு காலுங்க அது! சம்பந்தி, இவரு காலு!"

இடைவேளையில் எல்லாரையும் நிறுத்திச் சொன்னேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அண்ணன் முதல்லேருந்தே இதுல இருக்கான். நான்தான் பார்க்கலை."

சம்பந்தி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். "நெஜமாவே நீங்கதானா! அன்னைக்குச் சிரிச்சுட்டேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது.

"எறும்பு" என்றான். "ஒரே ஒரு தடவைதான் சொறிஞ்சேன். அதையும் கண்டுபிடிச்சிட்டியா, போலீசு?"

மற்ற நேரமெல்லாம் அசையவே இல்லையாம். நாலு மணி நேரமும்.

நம்புகிறேன்.