ஏலத்தில் எடுத்த வெள்ளை முயல்

நேற்று உடும்பஞ்சோலையில் முகம் மழிக்க உட்கார்ந்தேன். முடிக்கும்போது கடைக்காரர் படிகாரக் கட்டியை நனைத்துத் தேய்த்தார். தேய்த்தது கன்னத்தில், எரிந்தது என் விரல் நுனிகளில். உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது.

ஏலக்காய் எஸ்டேட் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் நாம் கூட்டாக முயல் வளர்த்தோம். ஒன்றையொன்று கடித்து ரோமம் கெடக்கூடாதென்று தனித்தனிக் கூண்டு. உரித்த தோலை உப்பும் படிகாரமும் கரைத்த வாளியில் ஊறப்போடுவோம்; விரல் நுனியெல்லாம் எரியும். போடியிலிருந்து வியாபாரி வந்து வாங்கிப்போவார். பிறகு அது சுற்றுலாக் கடைகளில் தொப்பியாகத் தொங்கும். தீனி உன் வேலை, கத்தி என் வேலை. கத்தியை நீ தொடவே மாட்டாய்.

தாய் செத்துப்போன ஒரு வெள்ளைக் குட்டியைச் சொட்டுமருந்துக் குழாயால் பால் கொடுத்துத் தேற்றினாய். அது வளர்ந்து ரோமம் அடர்ந்ததும் வியாபாரி அதையே கேட்டார். விளைந்ததில் ஒரு பங்கைச் சர்ச்சுக்குக் கொடுக்கும் அறுப்பின் பண்டிகையன்று அதைக் கூடையில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் காணிக்கையாகக் கொடுத்துவிட்டாய்.

"ஆண்டவருக்குக் குடுத்தாச்சு மாப்ள. இனி யாரும் கை வைக்க முடியாது" என்றாய்.

ஆராதனை முடிந்ததும் காணிக்கைகளை ஏலம் விடுவார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீயே எத்தனை வருடம் கோழி எடுத்திருக்கிறாய்! அன்றைக்கு மட்டும் மறந்து தொலைத்தாய். முயலைத் தூக்கிக் காட்டியதும் நான் விலை கேட்டேன். எதிர்த்துக் கேட்க ஆளே இல்லை. நல்ல அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் நீ புல்லுக்கட்டோடு வந்தபோது அதன் தோல் வாளியில் கிடந்தது. புல்லுக்கட்டை இறக்கி வைத்தாய்.

"தோலு நமக்கு வேண்டாம் மாப்ள. அதுக்குத்தான் வேணும்."

அன்றோடு கூட்டு முடிந்தது. லயத்தில் முயல் வளர்த்த வீடுகளுக்கெல்லாம் போய் இதையே சொன்னாய். ஒவ்வொருவராக விட்டார்கள். "பெரிய தீர்க்கதரிசி கெளம்பிட்டாரு" என்று கேலி பேசி, வீம்புக்கு நான் மட்டும் தொடர்ந்தேன்.

உன்னை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்ட வாசலில் சர்ச்சில் மணியடிக்கும் கோயில்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு ஏலத்துல அவரு ஒவ்வொருத்தராப் பாத்து கெஞ்சினாரு. 'என் கூட்டாளி கேக்கான், யாரும் மேல கேட்டுராதீங்க. அவன் எடுத்தா அது பொழைச்சுக்கிடும்'னாரு."

நீ என்னை அப்படி நம்பியிருந்தாய். அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் உன்னோடு சண்டை போட்டாவது ஆறியிருப்பேன். இப்போது யாரோடு போடுவது?

அன்றோடு கத்தியை விட்டேன். மிச்சமிருந்த முயல்கள் வயதாகித் தாமாகச் செத்தன. ஒன்று மட்டும் இருக்கிறது. காது கேட்காது, தின்பதில் குறைவில்லை.

போன வாரம் வியாபாரி போன் செய்தார். தோல் இல்லை என்றேன்.

"மொசலு இருக்குல்ல?" என்றார்.

"இருக்கு. தோலு அதுக்கு வேணும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.