சீனத்து ஜோடி நாற்காலி

முருகன் துணை
சிக்கந்தராபாத்

உங்க பாதத்துக்கு நமஸ்காரம். இருமல் தணிஞ்சுதா? கந்தன் தயவுல நான் சௌக்கியம். சமையல்காரின்னு பார்க்காம இங்க எல்லாரும் என்னை அத்தைன்னுதான் கூப்பிடறாங்க.

இந்த வீட்டு ஐயா போன மாசம் தவறிட்டார்னு எழுதினேனே, அவர் ரங்கூன்லேர்ந்து கொண்டுவந்த சீனத்து நாற்காலி ரெண்டையும் நேத்து துடைச்சேன். ஒரு ஆணி கிடையாது! கட்டைக்குள்ள கட்டையைக் கோத்து, முதுகும் கைப்பிடியும் ஒரே வளைவா ஓடற மாதிரி இழைச்சிருக்கான், எந்தப் புண்ணியவானோ. கால் வைக்க முன்னால ஒரு கட்டை. ஐயா நாற்காலியில அது பள்ளமா தேஞ்சிருக்கு. இன்னொண்ணுல புதுசு மாதிரியே இருக்கு.

"இது யாரோடதும்மா?"ன்னு வீட்டம்மாகிட்ட கேட்டேன்.

"என்னோடதுதான் அத்தை. 'வா பாமா, உட்காரு'ன்னு தினம் கூப்பிடுவார். எனக்குத்தான் கூச்சம், அப்புறம் ஆகட்டும்னுடுவேன்"னு சொல்லி அழுதுட்டாங்க.

நீங்களும் 'கூட உட்கார்ந்து சாப்பிடேன்'னு சொல்லிச் சொல்லி ஓஞ்சுட்டீங்க. எனக்கு ஒண்ணுமில்லை, கவலைப்படாதீங்க. தைப்பூசத்துக்கு வரேன். பரண்ல கிடக்கிற இன்னொரு மணைப்பலகையையும் இறக்கி, கழுவி, வெயில்ல வைங்க.

அடுப்புல பருப்பு பொங்குது.

மங்கையர்க்கரசி