பொட்டு வைக்க ஓர் இடம்

குடவாசல்
அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஆர்த்திக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த ஜெர்மனிக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். குறுவை அறுத்து முடிந்து மில்லில் நெல் வந்து குவிகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, உன் பார்சலுக்கென்று தீபாவளி லேகியம் கிளறி வைத்திருக்கிறாள், போன வருடம் போல அதை ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியில் மறந்துவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, என் கலவை தேஞ்சுபோவுதுப்பா, வெள்ளிக்கிழமை பேராசிரியர்கிட்ட ஆராய்ச்சிய நிறுத்திக்கிறேன்னு சொல்லிடப் போறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. அப்படி எதுவும் சொல்லிவிடாதே. தேய்ந்தது உன் கலவை இல்லை, பிசகு இங்கே நடந்தது. போனில் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைப்பாய் என்பதால் தேதியோடு எழுதுகிறேன், தாள்களைப் படமெடுத்து இன்றே அனுப்பிவிடுவேன்.

நெல் அவிக்கும் பாய்லரின் உலைச் சுவரில், சூட்டைக் கரண்டாக்க உன் கலவையில் செய்து நீ பதித்துவிட்டுப் போன நான்கு வில்லைகளும் செப்டம்பர் முழுவதும் சரியாக வேலை செய்தன. மாலை நாலு மணிக்கு மீட்டர் 4.1 அல்லது 4.0 வாட் காட்டும், அந்தக் கரண்டில் தண்ணீர் மட்டம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் சின்ன பல்பு எரியும். அக்டோபர் 3ஆம் தேதி 3.6. பிறகு தினமும் இறங்கி 12ஆம் தேதி 2.2. இதைத்தான் உனக்கு அனுப்பினேன். ஆனால் ஒன்றாம் தேதியும் இரண்டாம் தேதியும் ஆயுத பூஜைக்காக மில் மூடியிருந்ததை எழுதவில்லை. அடுப்பே எரியாத நாளில் எழுத என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். தூசிக்குப் பயந்து வாசலில் நின்றே மீட்டரைப் படித்துவந்தேன், ஒரு நாளும் வில்லையைக் கிட்டே போய்ப் பார்க்கவில்லை. இரண்டும் என் தவறு.

நேற்று மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். வில்லையின் வெளிப்பக்கம் காற்றுப் படுவதற்காக நீ வைத்த அலுமினியத் தகடுகள் சீப்புப் பல் போல இருக்குமே, அந்தச் சந்துகளில் எல்லாம் சந்தனம். ஈரச் சந்தனத்தில் உமித்தூசி ஒட்டி, அதன்மேல் சாம்பல் ஏறி, சிமெண்டு போலக் காய்ந்து அடைத்திருந்தது, மேலே ஒரு காய்ந்த கதம்ப மாலை. உள்பக்கச் சூட்டுக்கும் வெளிப்பக்கக் குளிர்ச்சிக்கும் இருக்கும் வித்தியாசம்தான்பா கரண்டு என்று நீ சொன்னது அப்போதுதான் உறைத்தது. இரண்டு பக்கமும் ஒன்றுபோலக் கொதித்தால் அது எங்கிருந்து கொடுக்கும்?

உலைக்கு உமி தள்ளும் மலர்கொடியைக் கேட்டேன். பூஜையன்னிக்கு மோட்டாருக்குப் பொட்டு வெச்சேன், தராசுக்கு வெச்சேன், பாப்பா வெச்சுட்டுப் போனதுக்கு வெக்காம விட்டா நல்லாவா இருக்கும்ண்ணே, அதுக்குன்னு ரெண்டு கை கூடத்தான் அப்பினேன் என்றாள். விவரம் சொன்னதும் முகம் வாடிவிட்டது. அய்யோ, பாப்பா படிப்பையா கெடுத்தேன் என்று கேட்டவள், என்னை ஏணியில் ஏறவிடாமல், உலை ஆறியபின் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் வெந்நீருமாகத் தானே ஏறி ஒவ்வொரு சந்தாகத் தேய்த்து எடுத்தாள். அம்மா கீழே நின்று, பிரஷ் உள்ள போகாத இடத்துக்கு ஈர்க்குச்சி இருக்கு பாரு என்று அதிகாரம் செய்தாள்.

இன்று மாலை நாலு மணிக்கு உலைச் சுவர்ச் சூடு வழக்கமான 140 டிகிரி. மீட்டர் 4.0. பல்பு பழையபடி பளிச்சென்று எரிகிறது. நான் படித்தது போதாது என்று மலர்கொடியையும் படிக்கச் சொல்லி, அவள் கையெழுத்தையும் வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பேராசிரியரிடம் இதை அப்படியே சொல், என் தவறையும் மறைக்காதே. மலர்கொடி ஒன்று கேட்கச் சொன்னாள். அடுத்த வருடம் அதுக்கு மட்டும் பொட்டு இல்லாம விட மனசு வராது, எந்த எடத்துல வெக்கலாம்னு பாப்பாவையே காட்டச் சொல்லுங்க என்றாள். யோசித்துப் பார்த்தேன், அவள் கேட்பது நியாயம். இந்தப் பக்கத்து மில்களுக்கு எதைச் செய்து அனுப்பினாலும், காற்றுக்கு வழி விடுகிற மாதிரி பொட்டுக்கும் ஓர் இடம் விட்டுச் செய்.

நீ நினைத்தது கைகூட எங்கள் இருவரின் ஆசிகள். குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. இன்றே அம்மாவுக்குப் போன் செய்.

என்றும் அன்புள்ள அப்பா,
நடராசன்