சூப்பர்வைசரின் சட்டை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முட்டிவலி தேவலையா?

இங்கே சலவைக்கூடத்தில் ஒருத்தி எங்களுக்கு நாவல் வாசித்துக் காட்டுவாள். அவள் பங்குத் துணியையும் நாங்களே தேய்த்துவிடுவோம். நேற்று கதாநாயகி, "கறுப்பி, வாயை மூடு" என்ற முதலாளியையும் "அனுசரிச்சுப் போ" என்ற புருஷனையும் வாங்கு வாங்கென்று வாங்கினாள். கேட்ட ஜோரில், சூப்பர்வைசர் ஓசியில் தேய்க்கக் கழற்றிக் கொடுத்த சட்டையைப் பொசுக்கிவிட்டேன்.

"உங்க நிறத்துக்குப் புத்தகம் ஒரு கேடா? யார் செஞ்சது?" என்று குதித்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான்" என்று எல்லோரும் கையைத் தூக்கிவிட்டார்கள். மனுஷன் பனியனோடு திரும்பிப் போனார்! பயப்படாதே, வேலை போகவில்லை.

உன் பழைய புடவை ஒன்று அனுப்பு, தலையணைக்குச் சுற்ற. துவைக்காமல் அனுப்பு.

பெல் அடித்துவிட்டது. நாவலை உனக்கு அனுப்புகிறேன். நடுவில் அப்பா டீ கேட்டால், "இந்த அத்தியாயம் முடியட்டும்" என்று சொல்.

உன் மகள்