சத்தம் வராத எபிசோடு

ஏட்டி, நீ தோற்றுப்போனாய். எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்கிற பொறுமை எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை என்பது உனக்குத் தெரியும்.

இன்று மத்தியானம் தக்கலையில் ஜெபராஜின் செல்போன் கடை மாடியில் கூட்டம். மாதம் ஒருமுறை கூடி, அந்தப் பழைய விண்கலத் தொடரில் ஒரு எபிசோடைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பொழுது சாயும்வரை வாய்ச்சண்டை போடுவோமே, அதே கூட்டம்தான். நீ போன பிறகு முதல் தடவையாக இன்று, நாம் ஓயாமல் சண்டை போட்ட அந்தக் கதவு எபிசோடு. ரிமோட் சுயம்பு அண்ணன் கையில் இருந்தது. தோவாளைச் சந்தையில் பூ வியாபாரம் செய்கிறவர், புதிதாகச் சேர்ந்தவர், பக்கத்தில் உட்கார்ந்தால் பிச்சிப்பூ வாசம் வரும். கதவு எபிசோடுக்கு மட்டும் நாம் சத்தம் வைப்பதில்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. டிவி ஊமையாகிவிட்டது என்று நினைத்து, மனுஷர் பொத்தானை அமுக்கிவிட்டார்.

கதவுக்கு வெளியே நிற்கிற அந்த எஞ்சினியரின் குரலை முதல்முதலாகக் கேட்டேன். கதவைத் திற என்று கெஞ்சினான். என்னை விட்டுவிட்டுப் போகாதே என்றான். இங்கிலீஷ்தான், ஆனால் கெஞ்சுகிறவனுக்கு எந்த மொழியானால் என்ன? குரல் உடைந்து, பச்சைப்பிள்ளை மாதிரி கெஞ்சினான். நான் சின்ன வயதிலிருந்து சொல்லிவந்தது அப்படியே சரியாகிவிட்டது. துள்ளிக் குதித்திருக்க வேண்டும் நான். அதற்குப் பதில் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அக்கா, வெள்ளம் குடிக்கியளா?” என்று ஜெபராஜ் ஓடி வந்தான். பாவம் சுயம்பு அண்ணன், தான் என்ன கொலை செய்துவிட்டோம் என்று தெரியாமல் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்.

நம் சண்டையின் ஆரம்பம் உன் வீட்டு டிவியில் இருக்கிறது. கொட்டாரத்தில் உங்கள் வீட்டு மொட்டைமாடியில் நட்டிருந்த ஏரியலைக் கடல் பக்கமாகத் திருப்பினால் இலங்கை டிவி கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த விண்கலத் தொடர் வரும். படம் ஓரளவு தெளிவாக வரும், சத்தம் மட்டும் எண்ணெயில் அப்பளம் பொரிக்கிற மாதிரி வரும். ஆராதனை முடிந்து வந்து அசந்து படுத்திருக்கிற உன் அப்பா உள்ளேயிருந்து கத்துவார்: “அந்த எளவு எரைச்சல நிறுத்துங்க பிள்ளையளா! ஓய்வு நாளாவது ஒரு மனுசன் ஒறங்கண்டாமா?” சத்தத்தை முழுக்கக் குறைத்துவிடுவோம். பிறகு வசனம் நம் பொறுப்பு. ஆளுக்கொரு பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, திரையில் உதடு அசைகிறபோதெல்லாம் வாய்க்கு வந்ததைப் பேசுவோம். வேற்றுக்கிரகத்து ராஜா நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி புலம்புவான். நீ பேசினால் எனக்குச் சிரித்து வயிறு வலிக்கும்.

கதவு எபிசோடில் மட்டும் நாம் சிரிக்கவில்லை. தூசிக்காற்று அடிக்கிற ஒரு கிரகத்தில் எஞ்சினியருக்கு நோய் தொற்றிவிடுகிறது. விண்கலத்தின் வாசலுக்கு வெளியே அவன், உள்ளே கேப்டன். எஞ்சினியர் கையைத் தூக்குகிறான், உதடு அசைகிறது. கேப்டன் அவனைப் பார்த்துக்கொண்டே நின்று, கதவைச் சாத்திவிடுகிறான். கப்பல் கிளம்பிவிடுகிறது. அவ்வளவுதான்.

கெஞ்சியவனைக் கைவிட்டுவிட்டுப் போன துரோகி அந்தக் கேப்டன் என்று நான் சொன்னேன். “போவும்னு கைகாட்டுறான்ட்டி, கண்ணு தெரியலியா உனக்கு? அவனே சாத்தச் சொல்லுகான்” என்றாய் நீ. பள்ளிக்கூடத்தில் சண்டை, பஸ்ஸில் சண்டை. உன் கல்யாணத்தன்று பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, அவியலுக்கும் பப்படத்துக்கும் நடுவில் அதே சண்டை. மாப்பிள்ளை செல்வின் அண்ணன் மிரண்டுபோய், யாரை யார் கைவிட்டது என்று கேட்டது நினைவிருக்கிறதா?

பிற்பாடு எல்லாமே செல்போனில் கிடைக்க ஆரம்பித்தபோது ஒரு சட்டம் போட்டாய். மற்ற எபிசோடுகளை எப்படி வேண்டுமானாலும் பார்க்கலாம். கதவு எபிசோடை மட்டும் யாரும் சத்தத்தோடு பார்க்கக் கூடாது, இணையத்தில் வசனத்தைத் தேடக் கூடாது. “தெரிஞ்சுபோனா பொறவு எதுக்குட்டி சண்ட போடுகது?” என்றாய். ஜெபராஜும் மற்றவர்களும் அதைச் சத்தியம் மாதிரி மதித்தார்கள். அந்த எபிசோடு வரும்போது நீ எப்போதும் கேப்டனுக்குக் குரல் கொடுப்பாய், நான் எஞ்சினியருக்கு.

பிறகு உனக்கு நோய் வந்தது. கீமோ கொடுத்தார்கள், அடங்கியது. திரும்ப வந்தது. திருவனந்தபுரத்து டாக்டர் இன்னொரு சுற்று முயன்று பார்க்கலாம் என்றார், உறுதி எதுவும் சொல்லவில்லை. செல்வின் அண்ணன் அந்த ‘பார்க்கலாம்’ என்ற ஒரு சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் படுக்கைக்குச் சொல்லி, திங்கட்கிழமைக்குக் கார் பேசியிருந்தார். நான்தான் உன்னோடு போய்த் தங்குவதாக ஏற்பாடு. எனக்கும் அந்தச் சொல் தேவையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை உன்னால் மாடி ஏற முடியாது என்று கூட்டத்தை உன் வீட்டில் வைத்தோம். நீ கேட்டது கதவு எபிசோடு. மஸ்கட்டில் இருக்கும் மச்சினன் மூலமாக ஜெபராஜ் முழுத் தொடரையும் நல்ல பிரிண்டில் வரவழைத்து, பென் டிரைவில் கொண்டுவந்து தந்திருந்தான். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தலையணையில் சாய்ந்து, ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாய். படம் அந்த இடத்துக்கு வருவதற்குச் சற்று முன்னால் சொன்னாய்:

“இன்னைக்கி நீ கேப்டன் பேசு. நான் எஞ்சினியர்.”

ஏன் என்று கேட்கக்கூட நேரம் இல்லை. திரையில் கேப்டன் வாசலுக்கு வந்துவிட்டான்.

“கையத் தா. நான் இழுத்துக்கிடுதேன்” என்றேன்.

“வேண்டாம்.”

“கப்பல்ல மருந்து இருக்கு. இன்னொரு சுற்று குடுத்துப் பாக்கலாம்.” என் வாயிலிருந்துதான் வந்தது அது. சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

“உனக்க மருந்து எனக்குப் போதும் மக்கா. நாக்குல ருசி செத்துப்போச்சு. மிச்சம் உள்ள நாள்ல நான் மீன்கறி கூட்டிச் சோறு தின்னணும்.”

ஜெபராஜ் கெக்கெக்கே என்று சிரித்தான். பழைய விளையாட்டு என்று நினைத்துவிட்டான். உன் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

“கதவச் சாத்துட்டி. பயப்படாத.”

கேப்டனைப் போய் ‘சாத்துட்டி’ என்றாய். திரையில் அவன் சாத்திவிட்டான். எனக்கு வாய் திறக்கவில்லை. நீ விடவில்லை. “சொல்லுட்டி. கப்பல் கெளம்பியாச்சு, நீ இன்னும் மிண்டாம இருக்கியே?” என்றாய்.

“நான் சாத்த மாட்டேன்! எனக்கு உனக்க கேப்டன் வேலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்!” என்று கத்திவிட்டு டிவியை அணைத்தேன். “நீயே செல்வின் அண்ணனிட்ட சொல்லு, ஆஸ்பத்திரிக்கு வரலேன்னு” என்றேன்.

“என்னால முடியாதுட்டி. அவருக்க முகத்தப் பாத்தா நான் திருவந்தரம் போயிருவேன்” என்றாய், மெதுவாக.

அந்த நேரம் பார்த்து செல்வின் அண்ணன் கட்டன்சாயாவோடு உள்ளே வந்தார். தட்டை வைத்துவிட்டு என்னிடம்தான் கேட்டார். “தங்கச்சி, திங்கக்கெழம காரு வெள்ளனயே வரட்டுமா? வெயிலுக்கு முன்ன போயிரலாம்லா?”

நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். கெஞ்சல் இல்லை அந்தப் பார்வையில், கோபமும் இல்லை. காத்திருந்தாய், அவ்வளவுதான். கடன்காரி, எப்பேர்ப்பட்ட இடத்தில் என்னை நிறுத்திவிட்டாய்!

“காரு வேண்டாம்ணே” என்றேன்.

அவர் டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். உனக்குக் கொடுக்கும்போது மட்டும் சாயா படுக்கையில் சிந்தியது.

அதற்குப் பிறகு நீ இருந்த மாதங்களை நான் குறைசொல்ல மாட்டேன். நெய்மீன் கறி தின்றாய். சங்குத்துறைக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கடலைப் பார்த்தாய். என் சேலை ரசனையைப் பழித்தாய். கடைசியில் உன் சொந்தக் கட்டிலில், செல்வின் அண்ணன் பக்கத்தில் இருக்க, போனாய். எல்லோரும் நல்ல சாவு என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் அடுப்படியில் நிற்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போது, ஒரே கேள்வி வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்த இன்னொரு சுற்றில் பிழைத்திருப்பாயோ? வேண்டாம் என்று நீ சொன்னது விளையாட்டு வசனமாக இருந்து, உள்ளுக்குள் நான் பிடித்து இழுப்பேன் என்று எதிர்பார்த்தாயோ? எஞ்சினியர் சாத்தச் சொன்னான் என்று நீ சிறுவயதிலிருந்தே நம்பினவள். அந்த நம்பிக்கையில் அவன் வசனம் என்று நினைத்துத்தான் அதைச் சொன்னாயோ? இன்று அவன் கெஞ்சினதைக் கேட்டபோது, ஐயோ, நீயும் இப்படித்தான் கெஞ்சினாயோ, எனக்குத்தான் சத்தம் கேட்காமல் போயிற்றோ என்று தோன்றிவிட்டது.

கூட்டத்தில் உட்கார முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி நேராக உன் வீட்டுக்குப் போனேன். செல்வின் அண்ணன் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் கெஞ்சுகிறான் அண்ணே, திற என்கிறான் அண்ணே, அது தெரிந்திருந்தால் அவள் அப்படிச் சொல்லியிருப்பாளா என்று கேட்டேன்.

அவர் கையிலிருந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டார். பிறகு சொன்னார்:

“அவளுக்குத் தெரியுமே தங்கச்சி.”

எனக்குப் புரியவில்லை.

“அந்த வெள்ளிக்கெழம ஜெபராஜ் பென் டிரைவக் கொண்டு தந்துட்டுப் போனாம்லா? அவன் போனதும் சத்தம் வச்சுத் தனியாப் பாத்தா. நான் கூட இருந்தேன். பாத்து முடிச்சிட்டு ஒரே சிரிப்பு. ‘அவ சொன்னதுதான் செரி, கேட்டியளா. ஆனா அவகிட்ட மூச்சு விடப்பிடாது, தெரிஞ்சா தலகால் புரியாம ஆடுவா. அவன் கெஞ்சுகான். எனக்கு வேற வசனம் இருக்கு’ன்னா. எனக்கு அப்ப ஒண்ணும் வெளங்கல.”

வெட்கங்கெட்டவளே! ஊருக்கெல்லாம் சட்டம் போட்டுவிட்டு நீயே கள்ளத்தனமாகப் பார்த்திருக்கிறாய். தோற்றுப்போனது தெரிந்தும், மறுநாள் ஒன்றும் தெரியாதவள் மாதிரி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாய். அப்படியென்றால் அன்றைக்குக் கதவைச் சாத்தச் சொன்னது அவனில்லை, நீயேதான். எனக்கு வந்த கோபத்தில் நீ எதிரே இருந்திருந்தால் ஓங்கி ஒரு அறை விட்டிருப்பேன். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

செல்வின் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அன்னைக்கி நீ காரு வேண்டாம்னு சொல்லலேன்னா, அவ எனக்காவ வந்திருப்பா தங்கச்சி. அங்கயே ஊசியும் குழாயுமாக் கெடந்து போயிருப்பா. நானும் அதத்தான் நல்லதுன்னு நெனச்சிருப்பேன்.”

ஜெயித்தது நான்தான்ட்டி. கூட்டத்தில் எல்லோரிடமும் சொல்லப்போகிறேன், விட மாட்டேன். ஆனால் இனி யார் எவ்வளவு சத்தம் வைத்துப் போட்டாலும், அந்த வாசலில் அவன் உதடு அசையும்போது எனக்குக் கேட்கப்போவது உன் குரல்தான்.