சந்தேகத்துக்கு இங்கிலீஷில் இரண்டு வார்த்தை

கார்த்திகை 7, திங்கள்
விடாத தூறல். இது யார் கையில் கிடைத்தாலும் மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். கும்பிட்டுக் கேட்கிறேன். அம்மாவிடம் மட்டும் காட்டவே கூடாது. இங்கிலீஷ் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். யாராவது வந்தால் படிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

எஸ்தர் டீச்சர் பரீட்சைக்காக ஒரே மாதிரி வார்த்தைகளின் வித்தியாசம் கொடுக்கிறார். இன்று மூன்று.
ஸீ – தானாகக் கண்ணில் படுவது.
லுக் – வேண்டுமென்றே பார்ப்பது.
வாட்ச் – என்ன நடக்குமோ என்று கண்ணை எடுக்காமல் பார்ப்பது.

மாமா வந்து நாலு நாள். அம்மாவின் தம்பி. போடிமெட்டில் ஏலக்காய்த் தோட்டம். காய் எடுக்கிற நேரத்தில் தோட்டத்தை விட்டுவிட்டு இங்கே என்ன வேலை? சாப்பிடும்போது மாமா என்னை லுக். அம்மா எங்கள் இருவரையும் வாட்ச்.

8, செவ்வாய்
தாவணி காயவில்லை. ஈரத்தோடு பள்ளிக்கூடம். வழியில் என் வகுப்புத் தங்கம்:
“என்னடி, ஒங்க மாமன் ஜீப்பு வாசல்லயே நிக்குது?”
“ஏலக்காய் லோடு எறக்க வந்திருக்காரு.”
“ஏலக்காய எறக்கிட்டு ஒன்னைய ஏத்திட்டுப் போவாரு பாரு!”
கூட வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

இன்று டவுட், சஸ்பெக்ட். தமிழில் இரண்டும் சந்தேகம்தான். இருக்காது என்று தோன்றினால் டவுட். இருக்கும் என்று தோன்றினால் சஸ்பெக்ட். காலையில் எனக்கு இருந்தது டவுட்.

சாயங்காலம் வந்தபோது எங்கள் ஏலக்காய்க் கடையில் அப்பா கையும் மாமா கையும் ஒரே துண்டுக்கடியில். ஏலக்காய் பேரம் அப்படித்தான். விலையை வாயால் சொல்லமாட்டார்கள், விரலைப் பிடித்துச் சொல்வார்கள். அழுத்தினால் சம்மதம், உதறினால் இல்லை. ஆனால் அவர்கள் எதிரே சாம்பிள் காய் ஒரு பிடிகூட இல்லை. பிறகு எதற்குப் பேரம்? என்னைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டார்கள்.
“தை பொறந்ததும் வச்சுக்கிருவோம் மச்சான்,” என்றார் மாமா.

9, புதன்
மழை. சோப்பு வாங்க மறந்து திட்டு. அடுப்படியில் அம்மா அப்பாவிடம்: “பள்ளிக்கூடத்துல பேரை எடுத்துட்டா என்ன முழுகிப் போகுது? எந்தம்பி கேக்குறான். குடுக்குறதுதான மொறை?”
அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். சம்மதமா, இல்லையா? அவரையும் நம்ப முடியவில்லை.

ஸே, டெல். டெல் என்றால் கேட்க எதிரே ஓர் ஆள் வேண்டும். டீச்சரிடம் போகலாமா? அவர் வீட்டுக்கு வந்து கேட்டால் அம்மா நாளைக்கே பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவாள்.

10, வியாழன்
செய்துவிட்டேன்.

காலையில் கடையில் அப்பா தனியாக. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டேன். உள்ளே என் கையை விட்டேன்.
“என்ன ஆத்தா, வெளையாட்டா?” என்று சிரித்தார்.
அவருடைய இரண்டு விரலைப் பிடித்தேன். எஸ்.எஸ்.எல்.சி. முடிக்க இன்னும் இரண்டு வருஷம், அதைத்தான் கேட்டேன். “ரெண்டு எதுக்குன்னு ஒங்களுக்குத் தெரியும்,” என்றேன். வாயால் கேட்டிருந்தால் அதட்டியிருப்பார். துண்டுக்கடியில் கேட்டால் யாரானாலும் அழுத்த வேண்டும், இல்லை உதற வேண்டும்.

சிரிப்பு நின்றுபோனது. அழுத்தவில்லை. உதறவுமில்லை. அதற்குள் சிலமலை ஊர்க்காரர் ஒருவர், “அண்ணே, காய் கொண்டாந்திருக்கேன்,” என்று படியேறினார். அப்பா கையை எடுத்துக்கொண்டார். சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது முன்னறையில் மாமா குரல்: “பொட்டப்பிள்ளை வெரலப் புடிச்சு பேரம் பேசுதாக்கும்?”

அப்பா சொல்லிவிட்டார். துண்டுக்குள் நடப்பதை யாரிடமும் சொல்லக் கூடாது. எனக்காகப் பேசும்போது சொன்னாரா, காட்டிக்கொடுத்தாரா?

கதவு தட்டுகிறது.
“ஆத்தா, முழிச்சிருக்கியா?”
அப்பாதான். ஆனால் கதவடி வெளிச்சத்தில் நாலு பாதம்