மணியடித்து நிறுத்தப்பட்ட என் கணவரின் பேச்சு

அனுப்புநர்:
திருமதி கெலெபோகிலே மொவாச்சே,
கிணற்றடி வார்டு, மோசுலானே கிராமம்,
போட்ஸ்வானா.

பெறுநர்:
செயலர் அவர்கள்,
வட்டார நில வாரியம்.

பொருள்: எங்கள் சோள வயலைச் சாலைக்கு எடுப்பது பற்றிய கூட்டத்தை மீண்டும் கோட்லாவில் நடத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் ஒட்டிய அறிவிப்பில் 'கோட்லா' என்றே போட்டிருந்தீர்கள். நடந்ததோ அலுவலக மண்டபத்தில், மின்விசிறிக்கு அடியில். ஊர்த் தலைவர் வீட்டுக்கு முன்னால் மரக்கழி வேலி வளைந்து நிற்கும் அந்த இடமும் கோட்லாதான், அங்கே ஊர் கூடிப் பேசுவதும் கோட்லாதான், வழக்கைக் கேட்டுத் தீர்ப்பதும் கோட்லாதான். தாங்களும் இந்த மண்ணின் பிள்ளை, இது தெரியாதவரல்ல. கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

2. என் கணவர் ஒடிரிலேவுக்குத் திக்குவாய். கோட்லாவில் அவர் எழுந்தால் ஊரே தரையைப் பார்த்தபடி காத்திருக்கும். பேசுகிறவரை இடையில் நிறுத்தும் வழக்கம் அங்கே இல்லை. எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகுதான் தலைவரே வாய் திறப்பார். ஒருமுறை என் கணவர் பேசி முடிப்பதற்குள் பக்கத்தில் இருந்தவர் ஒரு தோல்வாரையே பின்னி முடித்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து நான்தான் சிரித்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார்.

3. தங்கள் மண்டபத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று மணி வைத்திருந்தார்கள். "எ... என் வயலு" என்பதுவரை வந்தார். மணி அடித்தது. எழுத்தர் அடுத்தவரை அழைத்தார். கோட்லாவுக்கு அவரவர் நாற்காலி கொண்டுபோகும் வழக்கப்படி வீட்டிலிருந்து கொண்டுபோன நாற்காலியை மடக்கிக்கொண்டு என் கணவர் வெளியேறினார். கூட்டக் குறிப்பில் அவர் பெயருக்கு நேரே 'ஆட்சேபம் இல்லை' என்று எழுதியிருக்கிறது. மாத முடிவில் வயலை அளக்க வருகிறார்களாம்.

4. அன்றிலிருந்து அவர் வீட்டிலும் சரியாகப் பேசுவதில்லை. கல்யாணத்துக்கு முன் ஒருநாள், என்னை விரும்புவதாக அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் இறக்கி வைத்த கஞ்சி ஆறிப்போயிருந்தது. ஆறின கஞ்சியைத்தான் இருவரும் குடித்தோம். அப்படிக் காத்திருந்து கேட்ட குரல், ஐயா. அது கேட்காத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவருக்குப் பதிலாக நானே பேசட்டுமா என்று கேட்டேன். "வே... வேணாம் கெலே. அது என் பேச்சு. நானே சொல்லிக்கிறேன்" என்றார்.

5. ஆகவே, வயலை அளக்கும் முன் கோட்லாவில் கூட்டம் கூட்டி அவர் சொல்வதைக் கேட்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். வயலைக் கொடுப்பாரா மாட்டாரா என்பது எனக்குத் தெரியும். இங்கேயே ஒரு வரியில் எழுதிவிட்டால் தங்கள் வேலை முடிந்துவிடும். ஆனால் எழுத மாட்டேன். அவர் வாயாலேயே கேளுங்கள். வரும்போது ஒரு நாற்காலி கொண்டுவாருங்கள். மணி அலுவலகத்திலேயே இருக்கட்டும்.

இடம்: மோசுலானே
நாள்: 14.10.1998

காத்திருக்கத் தெரிந்தவள்,
கெலெபோகிலே மொவாச்சே